சிங்கப்பூரில் பழைய ஹைஃபை செட் வாங்கித் தினமும் பாட்டுக் கேட்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாரன்ட்ஸ், சான்சுய், நாட், டெக்னிக்ஸ் என்று 70களிலும் 80களிலும் வந்த செட்டுகளை அழகுக்காக அலமாரியில் வைக்க நினைப்பவர்களுக்கு இது இல்லை. காலையில் ஒலி 96.8 வானொலி, ராத்திரி ஒரு எல்பி இசைத்தட்டு என்று தினமும் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு எழுதுகிறேன். இங்கே வாங்கி, ஜப்பானிலிருந்து வரவழைத்து, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்து, எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பிராண்டையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊர் கரண்டுக்குச் சரிவருமா? இந்த ஊர் ஈரக்காற்றைத் தாங்குமா? கெட்டுப்போனால் பிரித்துப் பார்க்க ஆளும் பார்ட்ஸும் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நாற்பது வயது செட்டுகூட இன்னும் பல வருஷம் ஓடும்.

1. முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 900 வெள்ளி இருந்தால் 600க்கு மேல் பொருளுக்குச் செலவழிக்காதீர்கள். மீதி 300 சர்வீஸுக்கும் சில்லறைச் செலவுக்கும்: பெல்ட், ஊசி, கேபிள், பிளக், மல்டிமீட்டர், வண்டி வாடகை. "ஃபுல் கண்டிஷன், ஒரு வேலையும் இல்லை" என்று விற்பவர் சத்தியமே செய்தாலும் இந்தத் தொகையைத் தொடாதீர்கள். நாற்பது வருஷத்துக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) இன்றைக்கு நன்றாக இருக்கலாம், தினமும் மூன்று மணி நேரம் சூடேற ஆரம்பித்த பிறகுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

முதல் செட்டுக்கு என் யோசனை இதுதான். டிரான்சிஸ்டர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று, மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்று, ரப்பர் அல்லது துணி வளையம் உள்ள ஸ்பீக்கர் ஒரு ஜோடி. 1978இல் வந்த நாட் 3020 பேருக்கு வெறும் 20 வாட்தான், ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹாலுக்கு அது தாராளம். உள்ளே பெரிய சிக்கல் எதுவும் கிடையாது, பழகிய கை உள்ளவர் யாரும் பிரித்து வேலை பார்த்துவிடலாம். டர்ன்டேபிளில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 மாதிரி தினசரி உழைப்புக்கு ஏற்றது இன்னொன்று சொல்வது கஷ்டம். 1979இல் ஆரம்பித்து 2010 வரை அந்த வரிசை உற்பத்தியில் இருந்தது, அதனால் பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது.

வால்வ் ஆம்ப், பழைய சிடி பிளேயர், கேசட் டெக் மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சிடி பிளேயரில் லேசர் போனால் அதே மாடலுக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. கேசட் டெக் மேல் நம் ஆட்களுக்குத் தனிப் பாசம் உண்டு, ஊரில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட்டுகள் யார் வீட்டில்தான் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் இந்த ஊர் வெக்கையில் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு நாள் வேலை. ஆம்பும் ஸ்பீக்கரும் வீட்டில் நிலைத்த பிறகு டெக்கைப் பற்றி யோசிக்கலாம்.

2. கரண்டைப் பாருங்கள், இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் உள்நாட்டுச் செட்டுக்கு 100 வோல்ட். அமெரிக்கச் செட்டுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே கைமாறும் பழைய செட்டுகளில் ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் நிறைய. விளம்பரத்தில் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். 100 வோல்ட் ஆம்பை நேராகச் சுவரில் செருகினால் ஃபியூஸ் போகும், நேரம் சரியில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். டிரான்ஸ்ஃபார்மர் போன பழைய ஆம்பைச் சரிசெய்ய ஆகும் செலவில் அநேகமாக இன்னொரு ஆம்பே வாங்கிவிடலாம்.

அதனால் போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பின்பக்கத் தகட்டின் படம் கேளுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், எத்தனை வாட் இழுக்கும் என்ற மூன்றும் தெளிவாகத் தெரியவேண்டும். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஏற்றுமதி மாடல் சிலவற்றில் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கும், 110, 120, 220, 240 என்று எழுதியிருக்கும். இங்கே 240இல் வைப்பது நல்லது. முன்னாள் சொந்தக்காரர் எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

100 வோல்ட் செட்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது, உங்களுக்குத் தேவை 100. பத்து சதவீதம்தானே என்று விடாதீர்கள். தினமும் ஓடும் ஆம்ப் அந்தப் பத்து சதவீதத்தால் கூடுதலாகச் சூடாகி, கெப்பாசிட்டர்களின் ஆயுள் குறையும். "100 வோல்ட் அவுட்" என்று அச்சடித்ததைக் கேட்டு வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். தகட்டில் உள்ள வாட்டைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு இருக்கட்டும்.

டர்ன்டேபிளில் ஹெர்ட்ஸும் முக்கியம். ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும் பழைய பெல்ட் டிரைவ் பலவற்றில் மோட்டாரின் வேகத்தைக் கரண்டின் ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே ஓட்டினால் 33⅓ சுற்று கிட்டத்தட்ட 28 ஆகிவிடும், பாடகர் யாரென்றே அடையாளம் தெரியாது. வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது, மோட்டாரில் மாட்டும் 50 ஹெர்ட்ஸ் கப்பி தனியாகத் தேடவேண்டும். ஜப்பானிலேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்பதால் அங்கத்திய பெல்ட் டிரைவ் சிலவற்றுடன் இரண்டு கப்பியும் வரும், விற்பவரிடம் கேளுங்கள். வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் குவார்ட்ஸ் லாக் உள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லையே இல்லை, நான் டெக்னிக்ஸைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியோவோடு சேர்ந்த ரிசீவர் வாங்குபவர்கள் இதையும் கவனியுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் உள்நாட்டு எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஒலி 96.8 அந்த டயலிலேயே இருக்காது. டயல் படத்தில் 108 வரை எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அப்புறம் பிளக். பழைய செட்டில் இரண்டு முள் பிளக் இருக்கும். சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி அதைச் செருகுவது இங்கே பல வீட்டில் நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். பாதுகாப்புக் குறி உள்ள மூன்று முள் பிளக்காக மாற்றி, 13 ஆம்பியருக்குப் பதில் செட்டுக்கு ஏற்ற 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். சில வெள்ளி வேலைதான்.

3. எங்கே வாங்குவது

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள தி அடெல்ஃபி கட்டடத்தில் ஹைஃபை கடைகள் வரிசையாக இருக்கின்றன, பழையது விற்பவர்களும் உண்டு. விலை கூடத்தான், ஆனால் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம். உங்கள் சொந்த சிடியையோ எல்பியையோ எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

பழைய பொருள் கைமாறும் கேரோசல் இணையத்தளத்தில் தனியாட்களிடம் வாங்கினால் விலை குறையும், ஆபத்து கூடும். சட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவருக்குப் பாதுகாப்பு தருவது) கடைகளில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும், பொருளின் வயதையும் கொடுத்த விலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. தனியாள் தனியாளுக்கு விற்பதற்கு அது பொருந்தாது. தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. ஆனால் ஆதாரம் இல்லாமல் போய்ப் பயனில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அரட்டை முழுவதும், பேநவ் ரசீது, வாங்கிய அன்று எடுத்த சீரியல் நம்பர் படம், இந்த நான்கையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விளம்பரத்தை விற்ற மறுநாளே அழித்துவிடுவார்கள், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

நேரில் பார்க்காமல் முன்பணம் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். "இன்னொருத்தர் வரப்போகிறார், டெபாசிட் போட்டால் வைக்கிறேன்" என்பது தினமும் கேட்கும் வசனம்.

4. நேரில் போய்ப் பார்க்கும்போது

பகல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சின்ன டார்ச், 20, 30 வெள்ளி மல்டிமீட்டர், ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள்.

ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பியுங்கள். வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். ஸ்பாஞ்ச் வளையமாக இருந்து, விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது. ஸ்பாஞ்சை வருஷம் மட்டுமல்ல, காற்றில் உள்ள ஈரமும் தின்னும், இங்கே சீக்கிரமே தின்னும். வளையம் மாற்றலாம், விலையில் அந்தச் செலவைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து, கோனின் நடுவுக்கு இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமே வரக்கூடாது. சரக் சரக் என்று உரசினால் கோனின் பின்னால் உள்ள கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) தட்டுகிறது, அதை வாங்க வேண்டாம்.

ஆம்பைப் போடச் சொல்லுங்கள். பாதுகாப்பு ரிலே உள்ள மாடலில் சில நொடி கழித்து "டக்" என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டாலோ, வந்து வந்து போனாலோ உள்ளே கோளாறு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, வால்யூமைச் சுழியில் வைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் வையுங்கள். பத்து நிமிஷம் சூடான பிறகு 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் ரிப்பேர் வேலை இருக்கிறது, அப்படியே ஓட்டினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து. இந்த ஒரு அளவை எடுக்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

வால்யூம், பாஸ், டிரெபிள், பேலன்ஸ் எல்லாவற்றையும் முழுசாகத் திருகிப் பாருங்கள். கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காண்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஒரு பக்கம் முழுக்க ஊமையாகிப்போனால்தான் யோசிக்கவேண்டும். நாட் 3020 என்றால் பின்னால் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் சேர்க்கும் வளைந்த கம்பித் துண்டுகள் இருக்கின்றனவா பாருங்கள், அவை இல்லாமல் சத்தமே வராது. அரை மணி நேரம் ஓடிய பிறகு மூடிமேல் கை வையுங்கள், மூக்கையும் கொண்டுபோங்கள். கருகிய வாடையோ மீன் கவிச்சியோ அடித்தால் எழுந்து வந்துவிடலாம்.

டர்ன்டேபிளில் டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள், எங்கேயும் சிக்கவோ ஆடவோ கூடாது. ஊசியின் நிலைமையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எப்படியும் புதுசு போடத்தான் போகிறீர்கள்.

எடுத்துவரும்போது பிளேட்டரைக் (சுழலும் தட்டு) கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், டோன்ஆர்மின் பின்னால் உள்ள எடைக்கட்டையைக் கழற்றுங்கள், டோன்ஆர்மைக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் டாக்ஸியின் பின்னால் போட்டு வந்தால் நல்ல டர்ன்டேபிளும் வீட்டுக்கு வரும்போது ரிப்பேராகிவிடும்.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி

ஜப்பான் ஏலத்தளங்களில் முகவர் வழியாக வாங்கலாம். "ஜங்க்" என்று போட்டிருந்தால் சோதித்துப் பார்க்கவில்லை, திருப்பித்தர முடியாது என்று பொருள். படம் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் ரிப்பேர் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிங்கப்பூரில் ஆடியோ சாதனங்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை, ஜிஎஸ்டி உண்டு, 2024இலிருந்து 9 சதவீதம். தபாலிலோ விமானத்திலோ வருவது, பொருள் விலை, அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து 400 வெள்ளிக்கு மேல் போனால் மொத்தத்துக்கும் வரி. ஆம்ப் 450, விமானக் கூலியும் இன்சூரன்ஸும் 150 என்றால் 600க்கு 54 வெள்ளி. அதற்கு மேல் கூரியர் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்ப்பார், எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். 400க்கு உட்பட்டது என்றால் எல்லையில் வரி இல்லை, ஆனால் இங்கே ஜிஎஸ்டி பதிவு செய்த வெளிநாட்டுத் தளங்கள் 2023இலிருந்து பணம் கட்டும்போதே வரியைப் பிடித்துவிடும். அந்த இன்வாய்ஸை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை கேட்டால் காட்டலாம். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், அது குற்றம், பொருள் உடைந்து வந்தால் இன்சூரன்ஸும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

கையோடு கொண்டுவந்தால் பயணிகளுக்கு ஜிஎஸ்டி சலுகை உண்டு, 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்தால் 500 வெள்ளி, குறைவாக இருந்தால் 100. ஆனால் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம்மில் பலருக்கு இது தெரியாது. ஜோகூர் பாருவிலிருந்து ஸ்பீக்கர் கொண்டுவரும்போதும் அறிவித்துக் கட்டிவிடுங்கள்.

ஊரில் அப்பா வைத்திருந்த செட் இருக்கிறதா? அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எஃப்எம் அலைவரிசையும் அதேதான். சோனோடைனோ காஸ்மிக்கோ பிளக்கை மட்டும் மாற்றினால் இங்கே ஓடும். சிங்கப்பூருக்குக் குடிவருபவர்கள், குறைந்தது மூன்று மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுப் பொருளை முதலில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவந்தால் ஜிஎஸ்டி சலுகை கேட்கலாம். இங்கே வந்து மூன்று மாதத்துக்கு விற்கக்கூடாது. ஆறு மாசம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், வந்த கையோடு ஏற்பாடு செய்யுங்கள்.

6. சர்வீஸுக்குக் கொடுப்பது

பழைய செட் பார்க்கும் அங்கிள்மார்கள் இங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள், இருப்பவர்களிடம் வேலை குவிந்து கிடக்கிறது. சில வாரம் என்று சொன்னால் சில மாசம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துவதால் ஒன்றும் ஆகாது, நல்ல கையை விட்டுவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, சரிசெய்ய முடியாவிட்டாலும் அது உண்டா, எந்தப் பார்ட்ஸ் மாற்றப்போகிறார் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சர்வீஸ் மேனுவலை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்துக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம்.

எல்லாக் கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லாதீர்கள். அளந்து, போனதை மாற்றினால் போதும்.

சின்னச் சாமான்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர். கெப்பாசிட்டர், ஃபியூஸ், கனெக்டர், கிளீனர் எல்லாம் அங்கே கிடைக்கும், பழைய துண்டையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக மூடியைத் திறக்க நினைத்தால் ஒன்று சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் கை வைக்காதீர்கள்.

7. வீட்டில் வைத்த பிறகு

போட்டவுடன் வீட்டு ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் செட்டில் எங்கோ கரண்டு கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஆம்பை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். வாரத்தில் சில நாளாவது ஓட்டுங்கள், ஓடும் செட்டில் ஈரம் தங்காது, கரப்பானும் பல்லியும் குடியிருக்காது. எல்பிகளைச் சமையலறைச் சுவரோரம் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். எஃப்எம்முக்கு டி வடிவ ஒயர் ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் ஒட்டினால் பெரும்பாலான புளோக்கில் ஒலி 96.8 தெளிவாக வரும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்பின் திருகில் மாட்டாவிட்டால் "ம்ம்ம்" என்று இரைச்சல் வரும், புதியவர்களின் புகாரில் பாதி இதுதான்.

இரவு பத்தரைக்கு மேல் பாஸைக் குறைத்துவிடுங்கள். தரைவழியாகக் கீழ்வீட்டுக்குப் போவது அதுதான். வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கு ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ மாதிரி ஒன்று போதும். அழுத்தம் 2 கிராம், சின்னத் தராசில் அளந்து வையுங்கள், கண்மதிப்பு வேண்டாம். இந்த ஊசியின் ஆயுள் தயாரிப்பாளர் கணக்கில் சுமார் 300 மணி நேரம். தினமும் ஒரு எல்பி, இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரம் என்று வைத்தால் வருஷத்துக்கு 270 மணி நேரத்துக்குப் பக்கம் வரும், ஆக ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை. கார்ட்ரிட்ஜை (ஊசி மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி) விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றலாம். மாற்றிய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டி வையுங்கள்.